750 டாலருக்கு விற்ற பாட்டு, எஃப்.பி.ஐ விசாரித்த பாட்டு: ஆயிரம் பேர் பாடிய 'லூயி லூயி' யாருக்குச் சொந்தம்?

வார்த்தையே புரியாத ஒரு பாட்டை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விசாரித்தது. வேகமாக ஓட்டிக் கேட்டார்கள், மெதுவாக ஓட்டிக் கேட்டார்கள், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 119 பக்க கோப்பு தயாரானது. கடைசியில், எந்த வேகத்தில் கேட்டாலும் என்ன பாடுகிறார்கள் என்று தெரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்தப் பாட்டு 'லூயி லூயி'. ராக் அண்ட் ரோல் வரலாற்றிலேயே அதிகம் பேர் திரும்பப் பாடிய பாடல்களில் இதற்கு எப்போதும் இடம் உண்டு. பதிவான கவர் வெர்ஷன்கள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். சினிமா, விளம்பரம், பேஸ்பால் மைதானம், பள்ளிக்கூட பேண்டு என்று இது நுழையாத இடம் குறைவு.

ஆனால் இதை எழுதியவர் 1980-களின் நடுவில் அரசு உதவித்தொகையில், தாயார் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார். உலகம் முழுக்க ஒலித்த குரலுக்குச் சொந்தக்காரரோ, பாட்டு ஹிட்டாகும் முன்பே குழுவிலிருந்து வெளியேறியிருந்தார். ஊரே பாடிய பாட்டில் வந்த பணம் எங்கே போனது? இந்தக் கேள்வியின் ஒரு பகுதி அமெரிக்க நாடாளுமன்றத்தில் இன்னும் முடியாமல் கிடக்கிறது.

பாட்டு எங்கிருந்து வந்தது?

ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர். 1950-களில் அந்த ஊரின் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் அவர் குரலுக்கு நல்ல கிராக்கி. 'தி ராபின்ஸ்' குழுவின் 'ரயட் இன் செல் பிளாக் நம்பர் 9' பாட்டில் வரும் கனமான ஆண் குரல் அவருடையது. எட்டா ஜேம்ஸின் முதல் ஹிட் பாட்டில் பதில் சொல்லும் ஆண் குரலும் அவருடையதுதான். இரண்டிலும் அவர் பெயர் வெளியே தெரியவில்லை.

அப்போது அவர் ரிதம் ராக்கர்ஸ் என்ற குழுவோடு மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் வம்சாவளிக் கலைஞர்கள் இருந்த குழு அது. அவர்கள் வாசித்த ஒரு லத்தீன் நடன இசை பெர்ரியின் காதில் ஒட்டிக்கொண்டது. கியூபாவைச் சேர்ந்த ரெனே டூசே வாசித்துப் பிரபலமாக்கிய 'எல் லோகோ சா சா' அது. மூன்று தட்டு, இரண்டு தட்டு, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. மொத்தம் பத்தே ஸ்வரம். அந்த ரிஃப் மேலே பெர்ரி தன் வார்த்தைகளை எழுதினார்.

கதை ரொம்ப எளிமை. மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கடலோடி, லூயி என்ற கடைக்காரரிடம் புலம்புகிறான். ஜமைக்காவில் காதலி காத்திருக்கிறாள், நான் ஊருக்குக் கிளம்பணும் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஆபாசம் என்று சொல்ல ஒரு சொல்கூட இல்லை.

ஆக, கியூப இசை, பிலிப்பினோ-மெக்சிக வாத்தியக்காரர்கள், கறுப்பினப் பாடகர், ஜமைக்கா பேச்சுவழக்கு எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து நடன அரங்குகளில் கலந்து பிறந்த பாட்டு இது. 'அசல்' எது என்று தேடப் போனால் அசலுக்குள்ளேயே ஒரு கவர் ஒளிந்திருக்கிறது.

1957-ல் ஃபிளிப் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் இதை வெளியிட்டது. அதுவும் ரெக்கார்டின் பின்பக்கத்தில்! அமெரிக்க மேற்குக் கரையில் ஓரளவு ஓடியது, தேசிய அளவில் எடுபடவில்லை.

750 டாலர் கணக்கு

பெர்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கையில் பணம் இல்லை. 'லூயி லூயி' உட்பட சில பாடல்களின் உரிமையை ஃபிளிப் ரெக்கார்ட்ஸ் உரிமையாளரிடம் 750 டாலருக்கு விற்றார். ரேடியோ, டிவி ஒலிபரப்பில் வரும் பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஓடி முடிந்த பாட்டு, இனி யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று புரிய அமெரிக்கச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கணும். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, வார்த்தையும் மெட்டும் சேர்ந்த 'பாடல்'. இன்னொன்று, ஒருவர் ஸ்டூடியோவில் பாடிய குறிப்பிட்ட 'ஒலிப்பதிவு'. வீட்டு மனை ஒருவர் பெயரில், கட்டடம் இன்னொருவர் பெயரில் இருப்பது மாதிரி.

ஒரு பாட்டு ஒருமுறை ரெக்கார்டாக வெளிவந்துவிட்டால், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். பாடலின் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். கவர் வெர்ஷன் என்ற கலாசாரமே இந்த விதியின் நிழலில் வளர்ந்ததுதான்.

1909 முதல் 1977 வரை அந்தத் தொகை ஒரு பிரதிக்கு 2 சென்ட். வழக்கமாக இதில் பாதி பதிப்பாளருக்கு, பாதி எழுதியவருக்கு. ஒரு ரெக்கார்டு பத்து லட்சம் பிரதி விற்றால் எழுதியவர் கைக்கு அதிகபட்சம் 10,000 டாலர் வரும். கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மற்ற ஆயிரம் வெர்ஷன்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு மணி நேரம், ஒரு மைக், ஒரு தப்பு

பாட்டுக்கு மறுபிறவி கொடுத்தது அமெரிக்காவின் வடமேற்கு மூலை. டகோமா ஊரின் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ், வெய்லர்ஸ் குழுவோடு சேர்ந்து 1961-ல் இதை முரட்டு ராக் பாட்டாக மாற்றினார். ஆரிகன் மாநிலக் கடற்கரை ஊர் ஒன்றில் ஜூக்பாக்ஸில் அந்த ரெக்கார்டு ஓடும்போதெல்லாம் கூட்டம் எழுந்து ஆடுவதை போர்ட்லாண்டைச் சேர்ந்த கிங்ஸ்மென் குழு கவனித்தது. நாமும் இதைப் பாடினால் என்ன?

1963 ஏப்ரலில் போர்ட்லாண்ட் ஸ்டூடியோ ஒன்றில் பதிவு. செலவு சுமார் 50 டாலர், குழுவினரே பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நேரம் ஒரு மணி. மைக் மேலே உயரத்தில் தொங்கியது. பாடகர் ஜாக் எலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பல்லில் கம்பி வேறு. வார்த்தைகள் குழைந்து போனதற்கு இதுதான் காரணம், வேறு எந்த ரகசியமும் இல்லை.

கிட்டார் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் எலி அவசரப்பட்டு முன்கூட்டியே வாயைத் திறந்து, சட்டென்று நிறுத்துகிறார். டிரம்மர் ஒரு தட்டு தட்டிச் சமாளிக்கிறார். திருத்தி மறுபடி பதிவு செய்யவில்லை, தப்போடு அப்படியே வெளியானது. பின்னால் பாடிய பல குழுக்கள் அந்தத் தப்பையும் சேர்த்தே பாடின என்பதுதான் வேடிக்கை.

அதே மாதம், அதே ஊர், அதே ஸ்டூடியோவில் பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் என்ற குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. வாசிப்பு சுத்தம், பின்னால் பெரிய கம்பெனி. ஆனாலும் ஜெயித்தது கிங்ஸ்மென்தான். பாஸ்டன் ரேடியோ தொகுப்பாளர் ஒருவர் கிங்ஸ்மென் ரெக்கார்டை 'வாரத்தின் மிக மோசமான பாட்டு' என்று கிண்டலுக்கு ஒலிபரப்ப, கேட்டவர்கள் அதையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். 1963 டிசம்பரிலும் 1964 ஜனவரியிலுமாக ஆறு வாரம் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்.

அந்த வெற்றியை எலியால் மேடையில் கொண்டாட முடியவில்லை. டிரம்மர் லின் ஈஸ்டன், இனி நான்தான் பாடகன் என்று அறிவித்தார். குழுவின் பெயர் ஈஸ்டன் தரப்பில் பதிவாகியிருந்தது. எலி வெளியேறினார். டிவியில் ஈஸ்டன் வாயசைக்க, எலியின் குரல் ஒலித்தது. சண்டை சமரசத்தில் முடிந்தது. முக்கியக் குரல் ஜாக் எலி என்று ரெக்கார்டில் அச்சிட ஒப்புக்கொண்டார்கள்.

எஃப்.பி.ஐ ஏன் வந்தது?

வார்த்தை புரியாவிட்டால் மனசு தானாக ஒன்றை நிரப்பிக்கொள்ளும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாங்களே ஆபாச வரிகளை எழுதி, இதுதான் பாட்டின் உண்மையான வரி என்று கைமாற்றிக்கொண்டார்கள். பதறிய பெற்றோர் புகார் கடிதம் எழுதினார்கள். ஒரு கடிதம் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே போனது. இந்தியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ், இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று ரேடியோ நிலையங்களைக் கேட்டுக்கொண்டார்.

1964-ல் விசாரணை தொடங்கியது. பெர்ரியின் 1957 ரெக்கார்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். ஒருமுறை அதைப் போட்டுக் கேட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விசாரணை முடிந்திருக்கும். பாடிய ஜாக் எலியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. பாட்டு ஆரம்பித்து ஏறக்குறைய 54-வது நொடியில் பின்னணியில் ஒரு சத்தம் கேட்கும். டிரம்மர் குச்சியைத் தவறவிட்டு நிஜமாகவே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார் என்பார்கள். அதிகாரிகள் அதை விட்டுவிட்டு, இல்லாத வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் எல்லோரும் பாடுகிறார்கள்?

கிட்டார் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம், மூன்றே கார்டு. வார்த்தை மறந்தாலும் கவலை இல்லை, யாருக்கும் தெரியப் போவதில்லை. தப்பு நடந்தாலும் பாட்டு நிற்காது. இப்படி வளைந்துகொடுக்கும் பாட்டை வேறு எங்கே தேடுவது?

அதனால்தான் பீச் பாய்ஸும் பாடினார்கள், ஓடிஸ் ரெடிங்கும் பாடினார். பிரிட்டனின் கிங்க்ஸ் குழு பாடியது. ஜூலி லண்டன் கிசுகிசுக்கும் குரலில் இதை இரவு நேர கிளப் பாட்டாக்கினார். ஃபிராங்க் ஜாப்பாவின் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரம்மாண்ட ஆர்கனில் இதை முழங்கவைத்தது. கர்நாடக சங்கீத சபை மேடையில் ஒருவர் திடீரென்று டப்பாங்குத்து வாசித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வெர்ஷன்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜமைக்காவுக்குப் போகாமலே அந்த ஊர் பேச்சை வைத்து பெர்ரி எழுதிய பாட்டை, 1970-களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் தி மெய்டல்ஸ் ரெக்கே தாளத்தில் பாடினார்கள். கற்பனைக் கடலோடி உண்மையிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்னொன்று, 1974-ல் டெட்ராய்ட்டில் ஸ்டூஜஸ் குழு பாடியது. மாணவர்கள் கற்பனை செய்த ஆபாச வரிகளின் பாணியிலேயே இக்கி பாப் மேடையில் பச்சையாகப் பாடினார். பத்து வருடம் முன்பு எஃப்.பி.ஐ தேடியது, வதந்தி வழியாகவே நிஜமாகிவிட்டது. அதே இக்கி பாப் 1993-ல் முற்றிலும் வேறு வரிகளோடு, அரசியல் பாட்டாக இதைப் பதிவு செய்தார்.

மோட்டர்ஹெட், பிளாக் ஃப்ளாக், பாரி வைட்... பட்டியல் நீளும். 1983-ல் கலிஃபோர்னியாவின் கே.எஃப்.ஜே.சி கல்லூரி ரேடியோ, 63 மணி நேரம் தொடர்ந்து இந்த ஒரு பாட்டை மட்டுமே ஒலிபரப்பியது. 800-க்கும் மேற்பட்ட வெர்ஷன்கள்!

சினிமாவில் 1978-ன் 'அனிமல் ஹவுஸ்' இதைக் கல்லூரிக் கும்மாளத்தின் தேசிய கீதமாக்கியது. படத்தின் கதை நடப்பது 1962-ல், கிங்ஸ்மென் பாடியதோ 1963-ல். யார் கண்டுகொண்டார்கள்? 1985-ல் வாஷிங்டன் மாநிலத்தில் இதையே மாநிலப் பாடலாக்கணும் என்று ஒரு டிவி நகைச்சுவைக் கலைஞர் கிளம்ப, அந்த ஆண்டு ஏப்ரல் 12-ஐ 'லூயி லூயி தினம்' என மாநில செனட் அறிவித்தது. மாநிலப் பாடல் மட்டும் மாறவில்லை.

பயமும் முழுசாகப் போய்விடவில்லை. 2005-ல் மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரில் ஒரு பள்ளி பேண்டு ஊர்வலத்தில் இதை வாசிக்கக் கூடாது என்று கல்வி அதிகாரி தடை போட்டார். பேண்டில் பாடகரே கிடையாது, வாத்தியம் மட்டும்தான்! பிறகு தடை விலக்கப்பட்டது.

எழுதியவருக்குப் பணம் எப்படித் திரும்பியது?

கவர் வெர்ஷனுக்கு அனுமதி வேண்டாம் என்று பார்த்தோம். விளம்பரமும் சினிமாவும் அப்படியில்லை. படத்தோடு பாட்டைச் சேர்க்க உரிமையாளரின் கையெழுத்து கட்டாயம், விலையும் பேசித்தான் முடிவாகும்.

1980-களின் நடுவில் கலிஃபோர்னியா கூலர் என்ற மதுபான நிறுவனம் விளம்பரத்துக்கு 'லூயி லூயி'யைக் கேட்டது. அதற்கு பெர்ரியின் கையெழுத்தும் தேவைப்பட்டது. ஆளைத் தேடினார்கள். வழக்கறிஞர் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸில் தாயார் வீட்டில் இருந்தவரைக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தார். கையெழுத்துப் பேச்சோடு, பாட்டையே திரும்பக் கேட்கலாமே என்ற பேச்சும் வந்தது. பதிப்பாளர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்துக்கு வந்தார்கள். 750 டாலருக்குப் போன பாட்டு பெர்ரியைக் கோடீஸ்வரர் ஆக்கியது. சுமார் பத்து ஆண்டுகள் அந்தப் பலனை அனுபவித்து, 1997 ஜனவரியில் காலமானார்.

ஆயிரம் பேர் பாடியது பாட்டை உயிரோடு வைத்திருந்தது என்றால், எழுதியவருக்குச் சேர வேண்டியதை வாங்கித் தந்தது ஒரு விளம்பரம். ராக் ரசிகர்கள் விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுப்பதைத் துரோகம் என்பார்கள். பெர்ரி விஷயத்தில் அந்தக் கோபம் எடுபடாது.

கிங்ஸ்மென் குழுவும் தனியாகப் போராட வேண்டியிருந்தது. 1968 ஒப்பந்தப்படி அவர்களுக்கு 9 சதவீதப் பங்கு உண்டு. காகிதத்தில் இருந்தது, கைக்கு வரவில்லை. 1993-ல் வழக்குப் போட்டார்கள். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் ரத்தாகி, ஒலிப்பதிவு உரிமை அவர்களிடமே திரும்பியது.

பாடியவர்களுக்கு இன்றும் ஏன் இல்லை?

அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால், எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சல்லிக்காசு கிடையாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இரு தரப்புக்கும் கொடுக்கிறார்கள். அமெரிக்க ரேடியோ முதலாளிகளின் வாதம் பழையது: நாங்கள் ஒலிபரப்புவதே உங்களுக்கு இலவச விளம்பரம்தானே?

ரெக்கார்டு விற்ற காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ரேடியோவில் கேட்டவர் கடைக்குப் போய் வாங்கினார். இன்று கேட்பவர் எதையும் வாங்குவதில்லை, அப்படியிருக்க யாருக்கு யார் விளம்பரம்? இதை மாற்றக் கொண்டுவரப்பட்ட 'அமெரிக்கன் மியூசிக் ஃபேர்னஸ் ஆக்ட்' மசோதா 2021-லும், பிறகு 2023, 2025-லும் நாடாளுமன்றத்தில் தாக்கலானது. ரேடியோ நிறுவனங்களின் எதிர்ப்பு பலமாக இருக்கிறது.

இணைய ரேடியோ, சாட்டிலைட் ரேடியோ விஷயத்தில் பாடகர்களுக்குப் பங்கு தரும் சட்டம் 1995-லேயே வந்துவிட்டது. ஆனால் 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே இருந்தன. ராக் அண்ட் ரோலின் பொற்காலம் முழுக்க அந்த ஓட்டையில் விழுந்தது, 1963-ன் 'லூயி லூயி' உட்பட. 2018-ல் வந்த மியூசிக் மாடர்னைசேஷன் ஆக்ட் அதை அடைத்தது. ஜாக் எலி 2015 ஏப்ரலிலேயே காலமாகியிருந்தார்.

இனி எப்போது இந்தப் பாட்டு எல்லோருக்கும் பொதுச்சொத்தாகும்? 1957-ல் வெளியான பாடலுக்குப் பாதுகாப்பு 95 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 2053 ஜனவரி முதல் யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் 'லூயி லூயி' பாடலாம். ஆனால் கிங்ஸ்மென் குழு தப்பும் தவறுமாகப் பாடிய அந்த ஒலிப்பதிவைக் காசில்லாமல் போட, 2067 பிப்ரவரி வரை காத்திருக்கணும்.